கார்த்திகைச் சரக்கு

"எம் பேரு குணசேகரன். வயசு இருபத்தி மூணு. இப்ப இருக்கறது திருமழிசை தொழில்பேட்டையில, பஷீர் பாயோட பை கம்பெனி."

இவ்வளவு சொல்லிவிட்டு குணசேகரன் பொத்தானை அமுக்கி நிறுத்தினான். பின்னால் ஓட்டிப் போட்டுக் கேட்டான். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பவன் குரல் மாதிரி இருந்தது. பெற்ற அப்பனிடம் யாராவது பெயரும் வயதும் சொல்லி ஆரம்பிப்பார்களா? ஆத்தூரில் தங்கச்சி கஸ்தூரி இதைக் கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஆனால் நாலு தடவை அழித்து அழித்துப் பேசியும் வாயில் முதலில் வந்தது இதுதான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான்.

டேப் ரெக்கார்டர் அவனுடையது இல்லை. பூந்தமல்லி அறையில் கூடத் தங்கியிருந்தவனிடம் இரவல் வாங்கியது. கேசட்டும் பழைய பாட்டுக் கேசட். அதன் முதுகில் இருந்த இரண்டு ஓட்டைகளிலும் செல்லோ டேப் ஒட்டினால்தான் மேலே பேசிப் பதிய முடியும். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. கடிதம் போட்டால் கஸ்தூரிதான் படித்துச் சொல்வாள். இந்த விஷயத்தை அவள் வாயால் அப்பா கேட்கக் கூடாது. நேரில் போயிருக்கலாம், ராத்திரி பஸ் பிடித்தால் விடியும்போது ஊர். ஆனால் அப்பாவின் முகத்துக்கு எதிரே நின்று சொல்ல முடியாது என்பது அவனுக்குத் தெரியும். போன பொங்கலுக்கு நின்று பார்த்துத் தோற்றவன் அவன்.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு விடுமுறை. மெஷின் நின்றுபோனால் கட்டிடத்துக்கே காது கேட்காமல் போய்விட்டது போலிருக்கும். முதலாளி பஷீருதீன் ஜும்மாவுக்குப் பூந்தமல்லி போயிருந்தார். மூன்று மணி வாக்கில் ஆத்தூரிலிருந்து மரவள்ளி மாவு ஏற்றிக்கொண்டு தங்கவேலின் லாரி வரும். தங்கவேல் அவர்கள் ஊர்க்காரர். மூட்டையை இறக்கிவிட்டு இன்றைக்கே திரும்பிவிடுவார். அவர் கையில் கேசட்டைக் கொடுத்தால் நாளைக் காலையில் அப்பாவுக்குப் போய்விடும். போட்டுக் கேட்க வீட்டில் பழைய டேப் ரெக்கார்டர் ஒன்று இருக்கிறது. அங்கே புதன்கிழமை கன்று நடுகிறார்கள்.

ரெக்கார்டருக்குப் பக்கத்தில், கட்டிங் மேசைமேல் கன்று வளர்க்கும் பை ஒன்று கிடந்தது. காலையில்தான் பின்பக்கக் குழாயடி மண்ணிலிருந்து தோண்டி எடுத்திருந்தான். கிட்டத்தட்ட பத்து மாதம் மண்ணுக்குள் கிடந்த பை. சேறு அப்பியிருந்ததே தவிர, ஓரம்கூட நையவில்லை. கட்டை விரலால் சேற்றைத் துடைத்தபோது பச்சை மையில் அச்சடித்த எழுத்து அப்படியே தெரிந்தது. 'மண்ணில் மக்கும் பை. கிழிக்காமல் நடலாம்.'

பாய் அந்தப் பைக்காக இரண்டு வருஷம் பாடுபட்டார். பிளாஸ்டிக் தானா என்கிற குருணை மணிகளோடு மரவள்ளி மாவைக் கலந்து ஊதினால் மண்ணில் மக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, வீட்டுச் சமையலறையில் ஆரம்பித்தது. மாவும் பிளாஸ்டிக்கும் ஒன்றோடொன்று சேராத ஜாதி. சேர்த்துவைக்க மெழுகு. விறைத்துப் போகாமல் இழுபட கிளிசரின். மாவு எவ்வளவு காய்ந்தாலும் உள்ளே ஒளிந்திருக்கும் ஈரத்தைக் குடிக்க, சுட்ட சுண்ணாம்புத்தூள். நைந்துபோக வைக்கும் மருந்து ஒரு கரண்டி. நூறு கிலோ தானாவுக்குப் பன்னிரண்டு கிலோ மாவு. இந்தக் கணக்கைப் பாய் ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி, மெஷினுக்குப் பக்கத்தில் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். முதல் பை நல்லபடியாக வந்த அன்று குணசேகரனைக் கூப்பிட்டு, "மண்ணுக்குள்ள கீற பூச்சிக்குச் சோறு கட்டி அனுப்பறோம் தம்பி. சோத்தைத் தின்னுட்டுப் போவசொல்ல பையும் ஓட்டை ஓட்டையாப் பூடும்," என்றார். பாய் பெரிய பேச்சுக்காரர் இல்லை. அன்றைக்கு மட்டும் சின்னப் பையன் மாதிரி அந்த வாக்கியத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

அதே வாக்கியத்தைத்தான் குணசேகரன் போன தீபாவளிக்கு ஊருக்குக் கொண்டுபோனான். எந்தப் பையில் வளர்ந்த கன்றானாலும் பிளேடால் பையைக் கீறி உருவிவிட்டு நடுவதுதான் வழக்கம். கீறும்போது மண் உதிரும், சல்லிவேர் அறும், பத்துக்கு இரண்டு கன்று வாடும். இந்தப் பை அப்படியில்லை, பையோடு குழியில் வைத்துவிடலாம், மண்ணே தின்றுவிடும் என்று அவன் சொன்னபோது அப்பா பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பழுப்பு வெள்ளையாக, தொட்டால் மாவுப் பதமாக இருந்தது. "நம்ம கெழங்கு மாவா?" என்று கேட்டார். முப்பது வருஷமாக மரவள்ளி போட்டு, கிழங்கைப் பிடுங்கி மில்லுக்கு அனுப்பிய மனிதர். அது ஜவ்வரிசியாகும், கஞ்சிப்பசையாகும் என்றுதான் தெரியும். மரம் வளர்க்கும் பையாகும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அடுத்த மாதம் கார்த்திகை. நெமிலிச்சேரிப் பக்கத்து நாற்றுப்பண்ணை ஒன்றிலிருந்து பெரிய ஆர்டர். சரக்கு பதினோரு நாளில் போயாக வேண்டும். பாயின் மனைவி ஷரீஃபுன்னிசாவுக்குப் பிரசவ நேரம். இரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பாய் சாவியைக் குணசேகரன் கையில் கொடுத்து, "அட்டை தொங்குது, நீ கீறே, அல்லா கீறான்," என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அவன் மெஷினைத் தனியாகத் தொட ஆரம்பித்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

சாவி கைக்கு வந்த அன்றே மழை பிடித்தது. மாவைத் தார்ப்பாயில் கொட்டி வெயிலில் காயவைப்பது பொன்னியம்மாவின் வேலை. பை வெட்டுவது, ஓட்டை போடுவது, ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மேலே மாவு தூவி அடுக்குவது எல்லாமும் அவள்தான். வெயிலே இல்லாமல் எதைக் காயவைப்பது? இரும்புச் சட்டியில் போட்டு ஸ்டவ்வில் வறுத்துக்கூடப் பார்த்தாள். மெஷினின் வாயிலிருந்து உருகிய பிளாஸ்டிக் குழாயாக எழும்பி, உள்ளே காற்று ஊத ஊத ஆளுயரப் பலூனாக நிற்க வேண்டும். ஈர மாவு உள்ளே கொதித்துக் கொப்புளமாகி, பலூன் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பட்டென்று வெடித்துச் சரிந்தது. சூட்டைக் குறைத்தான். சுண்ணாம்பை ஏற்றினான். கிளிசரினைக் கூட்டினான். அடிப்பிடித்த கஞ்சி வாடை கட்டிடம் முழுக்க அடித்ததே தவிர, பலூன் நிற்கவில்லை. மூன்று நாளில் தேறியது ஒரு நாள் சரக்கு. கழிவு மட்டும் குன்றாகக் குவிந்தது. தூக்கத்தில்கூட அந்தப் பட் சத்தம் கேட்டது.

நாலாம் நாள் மாவைப் பாதியாக்கினான். கொஞ்சம் நின்றது. அன்று மத்தியானம் கால்வாசி. ஐந்தாம் நாள் காலையில் மாவே போடவில்லை. பழுப்பு நிறம் வர ஒரு சிட்டிகை கலர் மட்டும் போட்டான். பலூன் எழுந்து நின்றது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. எட்டு மணி நேரம் வெடிக்காமல் நின்ற பலூனை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தான். கண்ணாடி மாதிரி அழகாக இருந்தது. அந்த அழகைப் பார்த்துத் தனக்கு நிம்மதி வந்ததை நினைத்தால்தான் இப்போதும் காது சுடும்.

பாய் பெண் குழந்தை பிறந்த மிட்டாய்ப் பெட்டியோடு வந்து இறங்கியபோது சரக்கு அடுக்கித் தயாராக இருந்தது. கையோடு ஒரு பையை உருவி டிஞ்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டார். மாவு இருந்தால் நீலம் பாயும், அதுதான் பரீட்சை. சொட்டு விழுந்த இடம் குப்பென்று கருநீலமானது. பொன்னியம்மா மேலே தூவியிருந்த மாவு அது. ஒரு கணம் அவனுக்கே புரியவில்லை. புரிந்தபோது பாய் அவனைக் கட்டிப் பிடித்திருந்தார். "இந்த மழையில எவனும் ஓட்டமாட்டான். எங்க அத்தா மேல சத்தியமா சொல்றேன், எவனும் ஓட்டமாட்டான்," என்றார். அவர் சட்டையில் ஆஸ்பத்திரி வாடை அடித்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டான்.

அதுவரை அவன் செய்தது வாய் திறக்காமல் இருந்தது மட்டும்தான். பிறகு செய்தது வேறு. ஒவ்வொரு சரக்கிலிருந்தும் ஓட்டை போடாத ஒரு பையைப் பின்பக்கம் புதைத்து, மேலே மாதம் எழுதிய செங்கல் வைப்பது பாயின் வழக்கம். ஐந்தாறு மாதம் கழித்துத் தோண்டிப் பார்ப்பார். 'கார்த்திகை' என்று சாக்பீஸால் எழுதிய செங்கல்லையும் ஒரு பையையும் அவனிடம்தான் கொடுத்து அனுப்பினார். அவன் அலமாரியிலிருந்து ஐப்பசிச் சரக்குப் பை ஒன்றை எடுத்து, மாவுள்ள நல்ல பையைச் செங்கல்லுக்குக் கீழே புதைத்தான். கார்த்திகைப் பையைக் குழாயடியில், எப்போதும் ஈரம் ஊறும் இடத்தில், ஆழமாகப் புதைத்தான். ஈரத்தில் கிடந்து தானாக மக்கிவிடாதா என்று ஒரு ஆசை. சித்திரையில் பாய் செங்கல்லைத் தள்ளிவிட்டுத் தோண்டினார். கை பட்டதும் பை சல்லடையாகக் கிழிந்து வந்தது. அதைக் காகிதத்தில் மடித்து நாற்றுப்பண்ணைக்காரர்களிடம் காட்டப் போனார்.

அதற்கு மூன்று மாதம் முன்பே, பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது பாய் தன் கையால் ஒரு கட்டு கட்டிக் கொடுத்தார். "உங்க அப்பாருக்குக் குடு. கார்த்திகைச் சரக்கு, நீ ஓட்டுனது." வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? ஊரில் அப்பா அன்றைக்கே மண்ணும் எருவும் கலந்து நிரப்ப உட்கார்ந்துவிட்டார். இருநூற்று எண்பது பை. எலுமிச்சை விதை. குணசேகரன் பக்கத்தில் உட்கார்ந்து மண் அள்ளிப் போட்டான். சொல்லவேண்டும் என்று அவன் வாயெடுத்தபோதெல்லாம், வேலியோரம் போகிற யாரையாவது அப்பா நிறுத்தி, "எம் பையன் கையால செஞ்சதுங்க," என்று ஒரு பையை நீட்டினார். நடும்போது பழைய பழக்கத்தில் கிழித்துவிட்டுத்தானே நடப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவன் பஸ் ஏறிவிட்டான்.

நேற்று வந்த இன்லேண்ட் கடிதத்தில் கஸ்தூரியின் கையெழுத்து, அப்பாவின் பேச்சு. இந்த வருஷம் கிழங்கு போடவில்லை. கொல்லைக்காடு முழுக்கக் குழி எடுத்தாயிற்று. கன்று முழங்கால் அளவு நிற்கிறது. பக்கத்து மேக்காட்டுக்காரர் பையைக் கிழித்து நடு என்றாராம். 'எம் பையன் அதுலயே வேலை செய்யறான், அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்னு கேட்டுட்டேன். புதன்கிழமை நல்ல நாளு. பையோடயே வைக்கறோம்.'

என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். முதல் வருஷம் ஒன்றும் தெரியாது. கன்று பச்சையாகத்தான் நிற்கும். உள்ளே வேர் பைச்சுவரில் முட்டி, திரும்பி, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போகும். இரண்டாம் வருஷம் கோடையில் ஒவ்வொன்றாக மஞ்சளாகும். அப்பா தண்ணீர் குறைவு என்பார். எரு போதவில்லை என்பார். இராத்திரியெல்லாம் வாய்க்கால் திருப்புவார். மண்ணைக் குறை சொல்வார், தன் கைராசியைக் குறை சொல்வார். பையை மட்டும் சொல்லமாட்டார்.

நேற்று வேலை முடிந்து கை கழுவும்போது பொன்னியம்மாவிடம் மெதுவாகப் பேச்சைத் தொட்டான். போன கார்த்திகையில் மாவு மூட்டை மிச்சமானதே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டான்.

"மறக்க முடியுமா நைனா? ஒரு மூட்டை நாந்தானே தூக்கினு போனேன். அந்த வருசம் எங்க தெரு பொம்பளைங்க அல்லார் பொடவையும் கஞ்சி போட்டு வெறைச்சுகினு நின்னுச்சு. பஸ்ல ஒக்காந்தா மடங்கவே இல்ல," என்று சிரித்தாள். அவன் சிரிக்காததைப் பார்த்து, "இன்னா, மூஞ்சி இப்டி கீது?" என்றாள்.

மாவு ஏன் மிச்சமாகிறது என்று நீங்கள் கேட்கவே இல்லையே அக்கா என்றான்.

பொன்னியம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நா எதுக்குக் கேக்கணும்? மொதலாளி சொல்லாம நீயா செய்வே? அஞ்சு வேளை தொழுவற மன்சன், இதுவும் செய்யறாரு பாருன்னு நெனச்சுகினேன். சர்தான், யாவாரம். ஆனா அன்னிலேர்ந்து நோம்புக்கு அவுரு ஊட்லேர்ந்து வர பிரியாணி எனக்குத் தொண்டையில எறங்கல நைனா. வாங்கினு போயி பக்கத்தூட்டுக்குத் தந்துர்றேன்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும், அவர் இல்லை அக்கா, நான்தான் என்று. குழாயை இறுக்கி மூடினான், ஏற்கெனவே மூடியிருந்ததை. அவள் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இப்போது சிவப்புப் பொத்தானை மறுபடி அமுக்கினான். "அப்பா," என்றான். "நல்லா இருக்கறேன். அம்மா இடுப்புவலி தேவலையா? இங்க மழை வர்ற மாதிரி இருக்குது." இப்படியே கொஞ்ச நேரம் போனது. சாப்பாட்டைப் பற்றிச் சொன்னான். அறையில் மூட்டைப்பூச்சி இருப்பதைச் சொன்னான். தன் குரல் எதிலிருந்து ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறது என்று அவனுக்கே கேட்டது. "அந்தப் பை இருக்குதுல்லப்பா," என்று ஆரம்பித்தான். "பொங்கலுக்குக் கொண்டாந்தது."

ஷட்டரின் சின்னக் கதவு திறந்த வெளிச்சம் மேசைவரை வந்து விழுந்தது. பாய். தலையில் வெள்ளைத் தொப்பி இன்னும் இருந்தது. லாரி வருமே என்று தொழுகை முடிந்ததும் நேராக வந்திருக்கிறார். ஒரு கையில் பேரீச்சம்பழப் பொட்டலம். அவர் கண் முதலில் ரெக்கார்டரின் சிவப்பு விளக்கில் நின்றது. பிறகு சேறு படிந்த பைக்கு வந்தது.

நிறுத்தலாம் என்று குணசேகரனின் விரல் பொத்தான்மேல் போயிற்று. நிறுத்தினால் இனி எப்போதும் இல்லை என்று தோன்றியது. விரலை எடுத்துவிட்டான். கேசட்டைப் பார்த்தே பேசினான்.

"அந்தப் பையில மாவு இல்லப்பா. நான் போடல. மழையில மெஷின் நிக்கலன்னு மாவை எடுத்துட்டு ஓட்டிட்டேன். பாய் சொல்லல. பாய் அன்னிக்கி ஆஸ்பத்திரியில இருந்தாரு. அவருக்குத் தெரியாது. நாந்தான். மண்ணு அதைத் தின்னாது. சோறு வைக்காம அனுப்பிட்டேன்."

பாய் நின்ற இடத்திலேயே நின்றார். "ஓடுதா அது?" என்று கேட்டார்.

"ஓடுதுங்க பாய்."

நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. பொட்டலத்தை மெஷின்மேல் வைத்தார். "செங்கல்லுக்குக் கீழ நான் எடுத்தது?"

"அது ஐப்பசிச் சரக்கு. நான் மாத்தி வச்சேன்."

"சொட்டு வுட்டேனே தம்பி. நீலமாச்சே."

"மேல தூவுன மாவுங்க பாய் அது."

பாய் தலையை ஆட்டினார், யாரோ விலாசம் சொல்லக் கேட்டவர் மாதிரி. அவர் திட்டுவார் என்று குணசேகரன் பத்து மாதமாகக் காத்திருந்தான். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். அவர் கம்பியில் தொங்கிய காலண்டர் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நர்சரிக்காரன் கையில அந்தக் கிழிஞ்ச பையை நானே குடுத்தேன்," என்றார். "பாருங்க, நம்பி நடுங்கன்னு சொன்னேன். எவ்ளோ நட்ருப்பான்?" அது அவனைக் கேட்ட கேள்வியாகத் தெரியவில்லை.

பிறகு மேசையிலிருந்த பையை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகக் குழாயடிக்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குணசேகரன் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தான். பாய் பையை உள்ளும் வெளியும் கழுவினார், குழந்தைத் துணி கசக்குவது மாதிரி மெதுவாக. சேறு போனதும் அதைக் குழாய்க்கு அடியில் பிடித்து நிரப்பினார். பை உருண்டு திரண்டது. வாயை முறுக்கிப் பிடித்து முகத்துக்கு நேரே தூக்கினார். வெயில் உள்ளே புகுந்து பச்சை எழுத்துகள் தண்ணீர்மேல் பெரிதாகத் தெரிந்தன. ஒரு சொட்டு ஒழுகவில்லை. வாசலில் தங்கவேலின் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. பாய் திரும்பவில்லை. பையைத் தூக்கிப் பிடித்தபடியே, எங்காவது ஒழுகுகிறதா என்று அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹாரன் இரண்டாம் முறை அடித்தது. கேசட்டில் இன்னும் கொஞ்சம் நாடா மிச்சமிருந்தது. குணசேகரன் குனிந்து, வாயை ரெக்கார்டருக்குக் கிட்டே கொண்டுபோனான்.

"இதை யாரு மொதல்ல போட்டுக் கேக்கறீங்களோ தெரியல. கஸ்தூரியா இருந்தா, பாதியில நிறுத்தாத கண்ணு, அப்பாவைக் கூப்ட்டு முழுசும் போட்டுக் காட்டு. தங்கவேல் அண்ணன் வழியில போட்டுக் கேட்டாலும் கேட்டுட்டுப் போங்க, பரவாயில்ல. புதன்கிழமை நடறதுக்கு முன்ன ஒவ்வொரு பையையும் பிளேடால கீறி உருவிருங்க. மண்ணு உதிராம, மெதுவா. உருவுனதை எண்ணிப் பாருங்க, இருநூத்தி எம்பது இருக்கணும். ஒண்ணு கொறைஞ்சாலும் எந்தக் குழின்னு தேடி எடுத்துருங்க."